துயரம் வகுப்பறைக்குள் வரும் நாள்

மைசூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடகமும் தமிழகமும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது மாதேஸ்வரன் மலை. முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்த இம்மலை, 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர மாவட்டத்தில் அடங்குகிறது. புலியை வாகனமாகக் கொண்ட மாதேஸ்வரரைத் தரிசிக்க, கன்னட நாட்டினர் மட்டுமல்லாமல் சேலம், ஈரோடு, தருமபுரிப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக மலையேறி வருகின்றன. கைத்தாளம் ஒலிக்க அப்பெருமானின் கதையை விடிய விடியப் பாடும் கம்சாளைக் கலைஞர்களின் மண் இது. இங்கே பக்தி என்பது ஏட்டில் படித்து வந்ததன்று; தாயின் மடியில் கேட்டு வந்தது.

அத்தகைய மண்ணில், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நெஞ்சை உலுக்கும் துயரம் ஒன்று நிகழ்ந்தது. மலைப்பகுதியைச் சேர்ந்த சுளுவாடி கிராமத்தின் கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் கோபுரம் எழுப்புவதற்கான பூஜை நடைபெற்றது. விழாவுக்கு வந்தவர்களுக்குப் பிரசாதமாகச் சோறு வழங்கப்பட்டது. அதில் பயிர்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. உண்டவர்கள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொள்ளேகால் பகுதி மருத்துவமனைகளுக்கும், பின்னர் மைசூர் மருத்துவமனைகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். 17 பேர் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளும் இருந்தனர். கோயில் நிர்வாகத்தைப் பற்றிய போட்டியே இதற்குக் காரணம் என்று காவல்துறை குற்றம் சாட்டியது. நால்வர் கைது செய்யப்பட்டனர். நாடு முழுவதும் அச்செய்தியைக் கேட்டுத் திகைத்தது.

கைது, விசாரணை, வழக்கு என்பன அரசும் நீதிமன்றமும் கவனிக்க வேண்டியவை. ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாத கேள்வி ஒன்று உண்டு. அது வகுப்பறைக்குத்தான் வரும். “சாமி பிரசாதம் சாப்பிட்டதற்கு என் அம்மா ஏன் செத்துப்போனார்?” என்று ஒரு குழந்தை கேட்டால், கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

தேசத்தை உலுக்கும் எந்தத் துயரமும் கடைசியில் ஒரு குழந்தையின் கண்களில் வந்து நிற்கும். ஆழிப்பேரலை, நிலநடுக்கம், தீவிபத்து, தலைவர்களின் படுகொலை, வீரர்களின் மரணம் எனப் பெயர்தான் வேறுபடும். அத்தகைய நாள்களில் ஆசிரியரின் கடமை யாது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

முதற்கடமை: செவி கொடுத்தல்

துயர நாளில் பெரியவர்கள் செய்யும் முதற்பிழை, உடனே பேசத் தொடங்குவது. மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆறுதல் சொற்களை அள்ளி வீசுகிறோம். “அழாதே”, “தைரியமாக இரு”, “எல்லாம் சரியாகிவிடும்” ஆகிய மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் குழந்தைக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன: ‘உன் துயரத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை.’

பகவத் கீதையின் அமைப்பை இங்கே நினைவுகூரலாம். அதன் முதல் அத்தியாயத்துக்கே துயரத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது: அர்ஜுன விஷாத யோகம். அதில் அர்ஜுனன் தன் நடுக்கத்தை, வாய் வறண்டதை, வில் நழுவுவதை, தன் குலத்தைப் பற்றிய அச்சத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான். அந்த அத்தியாயம் முழுவதிலும் கண்ணன் பேசுவது ஒரே ஒரு வரி. அதுவும் எதிரே கூடியிருப்போரைப் பார் என்பது மட்டுமே. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சுருக்கமாகச் சில சொற்களால் அவனைத் தட்டியெழுப்பிப் பார்க்கிறான். அர்ஜுனன் எழவில்லை, மீண்டும் தன் மனத்தைத் திறக்கிறான். ‘நான் உன் சீடன், எனக்கு வழி காட்டு’ என்று அவனே கேட்ட பின்னரே உபதேசம் தொடங்குகிறது.

உலகம் போற்றும் அந்த உபதேசமே, கேட்டு முடித்த பிறகுதான் பிறந்தது. அப்படியிருக்க, பத்து வயதுக் குழந்தைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் அவசரப்படலாமா?

செவி கொடுத்தல் என்பது வெறுமனே வாய்மூடி இருப்பதன்று. குழந்தையின் அருகில், அதன் கண்மட்டத்தில் அமர வேண்டும். “நீ என்ன கேள்விப்பட்டாய்?” என்று முதலில் கேட்க வேண்டும். ஏனெனில் குழந்தை அறிந்தது ஒன்றாகவும், ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றாகவும் இருக்கக் கூடும். ஊரில் பரவும் வதந்தியில் பாதியும் தொலைக்காட்சியில் பார்த்ததில் பாதியுமாகக் குழந்தை தன் மனத்தில் உண்மையைவிடக் கொடிய ஒரு சித்திரத்தை எழுதி வைத்திருக்கும். அதை வெளியே வரவிட்டால்தான் திருத்த முடியும். சில குழந்தைகள் பேசா. அவர்களை வற்புறுத்தக் கூடாது. “பேச வேண்டும் என்று தோன்றும்போது என்னிடம் வா” என்ற ஒரு சொல்லும், அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பொறுமையும் போதும்.

இரண்டாம் கடமை: உண்மையைச் சிறிய சொற்களில் கூறுதல்

நசிகேதன் என்ற சிறுவன் எமதருமனின் வாயிலில் நின்று மரணத்தைப் பற்றிக் கேட்ட கதையைக் கடோபநிடதம் கூறுகிறது. எமன் உடனே பதில் சொல்லவில்லை. பொன், யானை, குதிரை, நீண்ட ஆயுள், அரசு என ஆசை காட்டி அந்தக் கேள்வியிலிருந்து அவனைத் திசைதிருப்பப் பார்க்கிறான். நசிகேதன் அவை எதையும் ஏற்கவில்லை. கேட்டதற்குப் பதில் வேண்டும் என்று உறுதியாக நிற்கிறான். அவ்வுறுதியைக் கண்டு மகிழ்ந்தே எமன் அவனுக்கு ஆசிரியனாகிறான்.

மரணத்தைப் பற்றிக் கேட்கும் குழந்தைக்கு மிட்டாயும் விளையாட்டுப் பொருளும் கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்றும் உண்டு. குழந்தை வாங்கிக்கொள்ளும், கேள்வி மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஆதலின் உண்மையைக் கூற வேண்டும். ஆனால் குழந்தையின் வயதுக்கு ஏற்ற அளவில் கூற வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு மரணம் என்பது மீண்டு வர முடியாத பயணம் என்பதே விளங்காது, “எப்போது திரும்பி வருவார்?” என்று நாள்தோறும் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பொறுமையுடன், “அவர் இறந்துவிட்டார், இனி வர மாட்டார், உன்னைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறார், நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்வதே சரி. பதின்வயதினரோ முழு விவரமும் கேட்பர். தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்.

நல்ல நோக்கத்துடன் கூறப்படும் சில சொற்கள் குழந்தையைக் காயப்படுத்தும். “அப்பா தூங்குகிறார்” என்று கூறினால், அன்றிரவு கண்ணை மூடவே குழந்தை அஞ்சும். “சாமி கூப்பிட்டுக்கொண்டார்” என்று கூறினால், அடுத்து யாரைக் கூப்பிடுவாரோ என்று சாமியைக் கண்டே நடுங்கும். இவற்றினும் கொடியது, “அவரவர் கர்ம வினை” என்ற விளக்கம். வினைக் கொள்கை ஒருவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பதற்காகப் பெரியோர் வகுத்தது. பிறர் துயரை அளந்து தீர்ப்பு வழங்கும் கோலாக அதனை அவர்கள் தரவில்லை. தாயை இழந்த குழந்தையிடம் அதைக் கூறினால், ‘என் தாய் தீயவள்’ என்றோ, ‘நான் செய்த ஏதோ ஒன்றால்தான் இது நடந்தது’ என்றோ அது பொருள் கொள்ளும். சிறு குழந்தைகள் இயல்பாகவே எல்லாவற்றுக்கும் தம்மையே காரணமாக எண்ணிக்கொள்பவர்கள். “நேற்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன், அதனால்தான்” என்று மனத்துக்குள் குமைந்துகொண்டிருக்கும் குழந்தை ஒவ்வொரு துயரத்தின் பின்னும் இருக்கும். “இது உன்னால் நேர்ந்ததன்று” என்று அதனிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இனி, மாதேஸ்வரன் மலைச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். பிரசாதம் ஏன் கொன்றது?

பிரசாதம் கொல்லவில்லை. பிரசாதத்தில் மனிதர் கலந்த நஞ்சு கொன்றது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே அங்கே ஆசிரியர் ஆற்ற வேண்டிய முதற்பணி. “தவறு செய்தவர்கள் மனிதர்கள். சாப்பிட்டவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அம்மா நம்பிக்கையோடு கை நீட்டியதும் தவறன்று. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்ததுதான் தவறு.” இவ்வளவே போதும். “அப்படியானால் சாமி ஏன் தடுக்கவில்லை?” என்று குழந்தை மேலும் கேட்டால், தத்துவம் பேசி மழுப்ப வேண்டியதில்லை. “இந்தக் கேள்வியைப் பெரிய ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள், எனக்கும் முழு விடை தெரியாது, ஆனால் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர்களையும், இரவு பகலாக வைத்தியம் பார்த்தவர்களையும் நாம் பார்த்தோம் அல்லவா?” என்று கூறலாம். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத ஆசிரியரைக் குழந்தை நம்பும். நஞ்சு கலந்த ஒரு சோற்றால் குழந்தையின் உலகில் முறிந்துபோனது நம்பிக்கை. அதை மீண்டும் கட்ட முதற்கல்லாவது, பொய் சொல்லாத ஒரு பெரியவர்.

மூன்றாம் கடமை: நாளின் ஒழுங்கைக் காத்தல்

துயரம் வரும்போது குழந்தைக்குத் தன் உலகமே ஒழுங்கு குலைந்ததாகத் தோன்றும். ஆதலின், பழகிய சிறு ஒழுங்குகளே அதற்குப் பிடிமானமாகின்றன. காலை மணி அடிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட வேண்டும். மதிய உணவு நேரத்துக்கு வர வேண்டும். அன்று பாடம் முழுமையாக நடைபெறாவிட்டாலும் பள்ளி நடைபெற வேண்டும். ஐந்து நிமிட மௌனம், பிறகு உரையாடல், பிறகு ஓவியமோ கதையோ, பிறகு சிறிது விளையாட்டு என்று அன்றைய நாளுக்கு ஒரு வடிவம் கொடுக்க வேண்டும். துயர நாளில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து, “இவர்களுக்கு வருத்தமே இல்லையா?” என்று பெரியவர்கள் வியப்பதுண்டு. குழந்தை துயரத்தைத் தவணை தவணையாகவே ஏற்கும். சிறிது அழும், சிறிது விளையாடும், மீண்டும் அழும். அது இயற்கை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, தமிழகத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென அரசு இல்லங்கள் திறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வல்லுநர்கள் உள்ளிட்டோர், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவுவது எவ்வாறு என்று களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தனர். ஓவியம், விளையாட்டு, கதை, பாட்டு ஆகியவையே அப்பயிற்சியின் கருவிகள். வாயால் சொல்ல முடியாத பயத்தைக் குழந்தை வண்ணத்தால் சொல்லிவிடும். கறுப்பு அலையையே திரும்பத் திரும்ப வரையும் குழந்தை, ஒருநாள் அந்த அலையின் ஓரத்தில் ஒரு படகையோ ஒரு வீட்டையோ வரையும். அந்த நாளுக்காக ஆசிரியர் காத்திருக்க வேண்டும். “வேறு படம் வரை” என்று அவசரப்படுத்தக் கூடாது.

ஒழுங்கைக் காப்பதற்கு உலக வரலாற்றில் ஒப்பற்ற சான்று ஒன்று உண்டு. போலந்து நாட்டின் வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், யூதக் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒன்றை 1912 முதல் நடத்திவந்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வார்சாவின் யூதர்களை மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைத்தபோது, அவரும் குழந்தைகளுடன் உள்ளே சென்றார். பசியும் நோயும் சூழ்ந்த அந்த இடத்திலும் இல்லத்தின் நாளொழுங்கு குலையாமல் பார்த்துக்கொண்டார். 1942-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அக்குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் இரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. நோயுற்று அறைக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன், சாளரம் வழியே உலகைப் பார்த்தபடி அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை அது. மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரவே அந்நாடகத்தைத் தேர்ந்ததாக அவர் கூறியதாகச் சொல்வர்.

அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகளும் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். தப்பிச் செல்லக் கோர்ச்சாக்குக்கு வாய்ப்புகள் முன்பே வந்திருந்தன. அவர் ஏற்கவில்லை. இல்லத்தின் ஆசிரியர்களுடன் சேர்ந்து, குழந்தைகளோடு நடந்து சென்றார். எவரும் திரும்பவில்லை.

அவரால் அக்குழந்தைகளின் உயிரைக் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் அவர்களை அச்சத்தில் தனியாக விடவில்லை. துயர நாளில் ஓர் ஆசிரியரால் நிகழ்ந்ததை மாற்ற முடியாது. இறந்தவரை மீட்க முடியாது. உடனிருக்க முடியும். பல நேரங்களில் அதுவே செய்யக்கூடியது அனைத்தும், அதுவே போதுமானதும்.

நான்காம் கடமை: கோபம் வெறுப்பாகாமல் காத்தல்

துயரத்துக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. அதன் பெயர் கோபம். தீமை செய்தவன் மீது கோபம் எழுவது இயல்பு. அது நீதியுணர்வின் அடையாளம். ஆனால் அந்தக் கோபம் ஒருவனை விட்டு அவனுடைய இனத்தின் மீதோ, மொழியின் மீதோ, சமயத்தின் மீதோ தாவும்போது வெறுப்பாகிறது. அந்தத் தாவுதலை வகுப்பறையில் தடுத்து நிறுத்துவது ஆசிரியரின் கடமை.

1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் இன்ன சமயத்தவன் என்று வதந்தி பரவினால் பெரும் கலவரம் மூளும் என்ற அச்சம் அன்று நிலவியது. கொலையாளி ஓர் இந்து என்பதை அகில இந்திய வானொலி தெளிவாக அறிவித்தது. உரிய நேரத்தில் கூறிய உண்மை பல உயிர்களைக் காத்தது. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டபோது இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. கொன்றவர்கள் இருவர், ஆனால் பழி ஒரு சமூகத்தின் மீதே சுமத்தப்பட்டது. தில்லியில் மட்டும் 2,700-க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டனர். முந்தைய நாள்வரை ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த பிள்ளைகளிடையே ஒருவனின் தலைப்பாகையே அவனுக்கு ஆபத்தாயிற்று.

சுளுவாடித் துயரம் நிகழ்ந்து இரண்டே மாதங்களில், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், காஷ்மீரத்தின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படை வீரர்கள் 40 பேர் குண்டுவெடிப்பில் உயிர்நீத்தனர். மைசூரை அடுத்த மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரும், தமிழகத்தின் அரியலூர், தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த இருவரும் அவர்களுள் அடங்குவர். தேசமே அவர்களுக்காக அழுதது. அதே நாள்களில் நாட்டின் சில நகரங்களில், படிக்க வந்திருந்த காஷ்மீர மாணவர்கள் அச்சுறுத்தப்பட்டனர். வீரர்களுக்கு அஞ்சலி செலுத்திய உள்ளத்தில் அதற்கு இடமிருக்கக் கூடாது.

இத்தகைய நாளில் ஆசிரியர் தம் வகுப்பை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். குற்றம் செய்தவனின் பெயரையோ, மொழியையோ, ஊரையோ ஒத்த ஒரு குழந்தை கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கக் கூடும். நஞ்சு வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் வீட்டுப் பிள்ளையும், நஞ்சுண்டு இறந்தவரின் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கவும் கூடும். அவ்விரு குழந்தைகளுமே அன்று ஆசிரியரின் பாதுகாப்பில் உள்ளவர்கள். ஒரு குழந்தையை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைத்து, அன்றைய பொறுப்பு ஒன்றை ஒப்படைக்கும் சிறு செயல், நீண்ட சொற்பொழிவைவிட ஆற்றல் மிக்கது. ‘இவனும் நம்மவன்’ என்பதை வகுப்பு முழுவதும் அதிலிருந்து அறிந்துகொள்ளும்.

கொடிய காட்சிகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பதும் இக்கடமையில் அடங்கும். தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஒரே காட்சி நூறு முறை ஓடும்போது, நூறு முறை அது நிகழ்வதாகவே சிறு குழந்தை எண்ணும். இதைப் பெற்றோர்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் கடமை: கைகளுக்கு ஒரு வேலை தருதல்

செய்வதற்கு ஒன்றுமில்லாத துயரம் மனத்தை அரிக்கும். சிறிய செயல் ஒன்று கிடைத்தாலும் மனம் நிமிரும். ஆதலின் ஆசிரியர் குழந்தைகளின் வயதுக்கேற்ற ஒரு சேவையை அவர்கள் முன் வைக்க வேண்டும். விளக்கேற்றலாம், மரக்கன்று நடலாம், இறந்தவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுதலாம், மருத்துவமனையில் இருக்கும் தோழனுக்கு வகுப்பே சேர்ந்து ஓர் ஓவியம் அனுப்பலாம், பள்ளிக்கு வராதவனுக்காகப் பாடக் குறிப்புகளை எழுதி வைக்கலாம்.

மூத்த மாணவர்களிடம் இன்னொரு கேள்வியையும் வைக்கலாம்: ‘இது மீண்டும் நிகழாதிருக்க என்ன செய்யலாம்?’ 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் பற்றிய தீ, 94 குழந்தைகளைப் பலி கொண்டது. கூரை வேய்ந்த வகுப்பறைகளும் நெரிசலான கட்டடமும் அப்பேரிழப்புக்குக் காரணமாயின. அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் பணி முடுக்கிவிடப்பட்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அந்த அஞ்சலியில் முழுப் பொருளும் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு பள்ளியும் அன்று தன் வாயில்களையும் படிகளையும் சமையலறையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். பூச்சிமருந்துப் புட்டி வீட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வதும் மலைக்கிராமத்துக் குழந்தைக்கு ஒரு சேவையே. துயரம் பொறுப்பாக மாறும்போதுதான் இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை நிறைவு பெறுகிறது.

ஆறாம் கடமை: மறவாதிருத்தல்

செய்தித்தாள்கள் ஒரு வாரத்தில் வேறு செய்திக்குப் போய்விடும். குழந்தையின் துயரம் அப்போதுதான் தொடங்கும். முதல் பண்டிகை, முதல் பிறந்தநாள், தந்தையின் கையெழுத்து வேண்டிய முதல் மதிப்பெண் பட்டியல் ஆகிய ஒவ்வொன்றும் மறைந்த காயத்தைத் திறக்கும். “அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா” என்று வாய்தவறிக் கூடச் சொல்லாதபடி ஆசிரியர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஓராண்டு நிறைவு நாளில் அக்குழந்தையின் தோளில் கை வைத்து, “இன்று உனக்குக் கடினமான நாள் என்று எனக்குத் தெரியும்” என்று கூறினால் போதும்.

வாரங்கள் கடந்தும் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவருடனும் பேசாமை, சிறு ஓசைக்கும் நடுங்குதல், படிப்பில் திடீர் வீழ்ச்சி ஆகியன நீடித்தால், மருத்துவர் அல்லது மனநல ஆலோசகரின் உதவியை நாட வேண்டும். நஞ்சுண்ட அனுபவம் உள்ள குழந்தை சோற்றைக் கண்டே அஞ்சக் கூடும். மதிய உணவில் ஆசிரியரும் உடனமர்ந்து அதே சோற்றை முதலில் உண்டு காட்டுவது நல்ல மருந்து. ஆனால் அன்பு மட்டுமே எல்லா நோய்க்கும் மருந்து என்று எண்ணி, தேவையான சிகிச்சையைத் தாமதப்படுத்துதல் கூடாது.

ஆசிரியரின் உள்நிலை

மேற்கூறிய ஆறும் வெளியே தெரியும் கடமைகள். இவற்றுக்கு அடிப்படையாக இருப்பது ஆசிரியரின் உள்நிலை. துயர நாளில் மாணவர் புத்தகத்தைப் படிப்பதில்லை. ஆசிரியரின் முகத்தைப் படிக்கின்றனர். அந்த முகத்தில் பதற்றம் இருந்தால் பதற்றத்தையும், வெறுப்பு இருந்தால் வெறுப்பையும், அமைதி இருந்தால் அமைதியையும் அவர்கள் கற்றுக்கொள்வர்.

அமைதி என்பது உணர்ச்சியின்மை அன்று. ஆசிரியரும் மனிதரே, சிற்றூர்களில் இறந்தவர் அவருடைய உறவினராகவும் இருக்கக் கூடும். குழந்தைகளின் முன் அவர் கண்ணீர் விடுவதில் தவறில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் அவர்களிடம் திரும்புவதைக் காண்பதே அவர்களுக்கு ஒரு பாடம்: துயரம் வரும், அதைத் தாங்கியும் நிற்க முடியும். அந்நிலைக்கு முன்தயாரிப்பு தேவை. அன்று காலை வகுப்புக்குள் நுழையுமுன் சில நிமிடங்கள் தனித்திருந்து பிரார்த்தனை செய்வது, சக ஆசிரியர்களுடன் மனம்விட்டுப் பேசுவது, தம் சுமையைத் தாம் நம்பும் ஒருவரிடம் இறக்கி வைப்பது ஆகியவை ஆசிரியரைத் தாங்கும். அன்றாடப் பிரார்த்தனையால் ஆண்டு முழுவதும் சேர்த்த மனவலிமையே அந்த ஒரு நாளில் செலவாகிறது. வெற்றுக் குடத்திலிருந்து எவரும் தண்ணீர் வார்க்க முடியாது.

கணக்கும் அறிவியலும் ஆண்டில் இருநூறு நாள்கள் கற்பிக்கப்படுகின்றன. உடைந்த உள்ளத்தோடு எப்படி வாழ்வது, உண்மையை எப்படித் தாங்குவது, தீமையைக் கண்ட பின்னும் மனிதரை எப்படி நேசிப்பது என்ற பாடத்துக்கு அட்டவணையில் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதில்லை. அந்தப் பாடம் முன்னறிவிப்பின்றி வரும். அதைக் கற்பிக்கும் தகுதியைப் பட்டங்கள் தருவதில்லை. குழந்தையின் அருகே அமர்ந்து, பொய் சொல்லாமல், விலகிச் செல்லாமல் இருக்கும் மனமே தரும்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. துயரச் செய்தி வந்த நாளில், வீட்டிலோ பள்ளியிலோ குழந்தைகளிடம் நாம் வழக்கமாகக் கூறும் சொற்கள் யாவை? அவற்றுள் குழந்தையை அச்சுறுத்தக் கூடியவை எவை?

2. அர்ஜுனன் பேசி முடிக்கும்வரை கண்ணன் காத்திருந்ததிலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் கற்க வேண்டியது என்ன?

3. “சாமி ஏன் தடுக்கவில்லை?” என்று குழந்தை கேட்டால், உண்மைக்கும் அன்புக்கும் மாறுபடாமல் எவ்வாறு விடை கூறுவீர்கள்?

4. குற்றம் செய்தவரின் உறவினர் குழந்தை நம் பள்ளியில் படித்தால், அக்குழந்தையைக் காக்க அன்றே செய்யக் கூடிய ஒரு செயலைக் கூறுக.

5. நம் ஊரில் இதுவரை நிகழ்ந்த துயரம் ஒன்றை நினைவுகூர்க. அதில் பாதிக்கப்பட்ட குழந்தை இன்று எங்கே, எப்படி இருக்கிறது? இந்த வாரமே சென்று பார்த்து வர இயலுமா?